உறுதிமொழி எடுத்தாச்சு... சட்டம் எங்கே சார்?

போன வாரம் எங்கள் ஆபீஸில் விஜிலென்ஸ் வாரம் கொண்டாடினோம். ஆமாம், கொண்டாடினோம் என்றுதான் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் சர்தார் படேல் பிறந்த நாளான அக்டோபர் 31-ஐ ஒட்டி வருகிற திருவிழா இது. வங்கி, ரயில்வே, பெல் என்று மத்திய சர்க்கார் சம்பந்தப்பட்ட இடத்தில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கும். காலையில் எல்லோரும் வரிசையாக நின்று, வலது கையை முன்னால் நீட்டி, ஹிந்தியில் உறுதிமொழி. போபாலுக்கு வந்து மூணு வருஷம் ஆகியும் 'சத்யநிஷ்டா' வருகிற இடத்தில் என் நாக்கு இன்னும் தடுக்குகிறது. லஞ்சம் வாங்க மாட்டேன், கொடுக்க மாட்டேன், எங்காவது ஊழலைக் கண்டால் உரிய இடத்தில் சொல்வேன். முடிந்ததும் சமோசா, டீ, ஒரு குரூப் போட்டோ. போட்டோ மேலிடத்துக்குப் போகணும். போகாவிட்டால் உறுதிமொழி எடுத்ததாகவே கணக்கில் வராது :-)

அன்றைக்கு ராத்திரியே ஒரு போன். தேனிப் பக்கத்துத் தம்பி. வேறொரு வங்கியில் அதிகாரி, உத்தரப் பிரதேசத்தில் ஒரு சின்ன ஊரில் வேலை. போபாலில் டிரெய்னிங்கில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டு ரசத்தைச் சாப்பிட்ட பையன்.

"சார், ஒரு லோன் ஃபைல் பார்த்தேன். சரியா இல்லை. எழுதிப் போட்டுடவா?"

என்ன ஃபைல், என்ன தப்பு என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவன் யார் என்பதை அவன் கிளையில் இருக்கிற ஆறு பேரில் அஞ்சு பேர் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இன்றைக்கு நான் எழுத வந்த விஷயமே அதுதான்.

அவனும் காலையில் உறுதிமொழி எடுத்திருக்கிறான். "சுவத்துல போஸ்டர் ஒட்டியிருக்காங்க சார், புகார் சொல்றவங்க பேர் வெளிய வராதுன்னு போட்டிருக்கு" என்றான். எனக்கு 'எழுது' என்றும் வாய் வரவில்லை, 'எழுதாதே' என்றும் வரவில்லை. நாளைக்குப் பேசறேன் தம்பி என்று வைத்துவிட்டேன். தங்கமணி ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஏனென்றால் நானும் ஒரு தரம் எழுதிப் போட்டவன்.

அது 2018. விதர்பாவில் ஒரு ஊர். லோன் பிரிவு என் பொறுப்பு. ஒரு பருப்பு மில்லுக்கு எங்கள் கிளையில் கேஷ் கிரெடிட் லிமிட் இருந்தது. வங்கி பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மில்காரர் மாசா மாசம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்பார், குடோனில் இவ்வளவு துவரை, இவ்வளவு கடலை என்று. அந்தச் சரக்கின் மதிப்பில் மார்ஜினைக் கழித்துக்கொண்டு மீதிக்கு அவர் பணம் எடுக்கலாம். சரக்கு இருந்தால்தான் கடனுக்குப் பிடிமானம். அதனால் வங்கி அதிகாரி அப்பப்போ நேரில் போய்ப் பார்த்து, கணக்குப் போட்டு, கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் தடவை நான் போனது மார்ச் கடைசி வாரம். ஆபீஸில் தலைக்கு மேல் ஆணி. மில் முதலாளி மோர் கொடுத்தார், குடோன் கதவைத் திறந்து காட்டினார், வாசல் வரைக்கும் துவரை மூட்டை அடுக்கியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அடுத்த தடவை செப்டம்பரில். அன்றைக்கு என்னமோ தோன்றி ஒரு மூட்டை மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். முன்னால் மூணு வரிசை நிஜத் துவரை. அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் பொட்டு மூட்டை. நான் விருதுநகர்க்காரன், பருப்புக்கும் பொட்டுக்கும் வித்தியாசம் வாசனையிலேயே தெரியும். அதற்கும் பின்னால் வெறும் தரை. ஸ்டேட்மென்ட்டில் மூணு கோடி ரூபாய்க்குச் சரக்கு.

பார்த்ததை அப்படியே ரிப்போர்ட்டாக எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் கூப்பிட்டு, தீபாவளி முடியட்டும், அவர் சரி பண்ணிடுவார், மாத்தி எழுதிடுங்க என்றார். நான் மாற்றவில்லை. அவரும் ரிப்போர்ட்டை ஃபைலில் சேர்க்கவில்லை. இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு எங்கள் வங்கியின் விஜிலென்ஸ் பிரிவுக்குப் பெயர், பதவி, கையெழுத்து எல்லாம் போட்டு ஒரு கடிதம் எழுதினேன்.

இருபத்துமூணாம் நாள் ரீஜினல் ஆபீஸில் இருந்து அழைப்பு. போனால், மேஜை மேல் என் கடிதத்தின் ஜெராக்ஸ். என் பெயருக்கு அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "உங்க இங்கிலீஷ் நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

எப்படி அங்கே வந்தது என்று நான் ராத்திரியெல்லாம் யோசித்தேன். பிறகு விளங்கியது, இதற்குச் சதி எதுவும் தேவையில்லை. புகார் வந்தால் விஜிலென்ஸ் பிரிவு உண்மை நிலவரம் என்ன என்று கேட்டு மண்டல ஆபீஸுக்கு எழுதும். மண்டலம் ரீஜினலுக்கு எழுதும். கூடவே இணைப்பு: புகாரின் நகல். அந்த லிமிட்டை சாங்ஷன் செய்த ஆசாமி உட்கார்ந்திருப்பதே ரீஜினல் ஆபீஸில்தான். தபால் ஒழுங்கான வழியில்தான் போயிருக்கிறது.

ஜனவரியில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர். காரணம், நிர்வாக அவசியம். இடம், ஜார்க்கண்டில் ஒரு கிளை, கோடர்மா ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். மகள் அப்போது அஞ்சாவது. மூணு வருஷம் மல்லுக்கட்டி அப்போதுதான் மராத்தி கட்டுரை எழுத ஆரம்பித்திருந்தாள். ஜனவரியில் எந்த ஸ்கூலில் சேர்ப்பார்கள்? தங்கமணியும் மகளும் பரீட்சை முடியும் வரை அங்கேயே இருந்தார்கள். நான் இங்கே ஒரு லாட்ஜில். இரண்டு இடத்திலும் வாடகை. ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைக்கிற குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேஸ் கனெக்ஷன் மாற்றுவதில் ஆரம்பித்து பிள்ளையின் மூணாவது பாஷை வரைக்கும் டிரான்ஸ்ஃபர் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

கதை அதோடு முடியவில்லை. 2019-ல் அந்தக் கணக்கு வராக்கடன் ஆனது. உடனே ஸ்டாஃப் அக்கவுண்டபிலிட்டி, அதாவது எந்த ஊழியர் பொறுப்பு என்று தேடுவார்கள். மார்ச்சில் சரக்கைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது யார்? நான். செப்டம்பர் ரிப்போர்ட்? ஃபைலில் அப்படி ஒன்று இல்லை. மேனேஜர் அதற்குள் ரிடையர் ஆகிவிட்டார். மெமோ எனக்கு. கடைசியில் ஒரு இன்கிரிமென்டை நிறுத்தினார்கள்.

மார்ச் கையெழுத்துக்குத் தண்டனை கொடுத்தது சரிதான். மோரைக் குடித்துவிட்டுப் போட்ட கையெழுத்துதான் அது. ஆனால் ஒன்று யோசியுங்கள். குடோனில் சரக்கு இல்லை என்பது யாருக்குத் தெரியும்? குடோனுக்குப் போனவனுக்கு. போனவன் எவனும் அதற்கு முன்னால் எங்காவது ஒரு கையெழுத்துப் போடாமல் இருந்திருக்க மாட்டான். வங்கியில் மட்டும் இல்லை, காண்ட்ராக்ட் பில் பாஸ் பண்ணுகிற இன்ஜினியர், ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பர், யாரை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். தப்பைப் பக்கத்தில் இருந்து பார்க்கக்கூடியவன் கையில் கொஞ்சம் மை ஒட்டித்தான் இருக்கும். கையில் துளி மை இல்லாத உத்தமனுக்குத்தான் பாதுகாப்பு என்றால், அந்த உத்தமனுக்குச் சொல்வதற்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

நம் பாஷையையே பாருங்கள். இப்படிச் சொல்கிறவனுக்கு நம்மிடம் இருக்கிற வார்த்தைகள் என்ன? போட்டுக்கொடுத்தவன், காட்டிக்கொடுத்தவன், கோள்மூட்டி. கொஞ்சம் சரித்திரம் படித்திருந்தால் எட்டப்பன். ஹிந்தியில் 'முக்பிர்' என்பார்கள், அதுவும் போலீஸுக்கு உளவு சொல்கிறவன்தான். நல்ல அர்த்தத்தில் ஒரு வார்த்தை வேண்டும் என்றால் விசில்புளோயர் என்று இங்கிலீஷில் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. நான் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போன கிளைக்கு என் பெயர் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. டீ குடிக்கப் போனால் பேச்சு நிற்கும். எங்கள் அதிகாரிகள் சங்கத்தில் சொன்னது: "ஒரு ரெண்டு வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

கோடர்மா என்றதும் உங்களில் சிலருக்கு ஒரு பெயர் ஞாபகம் வந்திருக்கும். சத்யேந்திர துபே. ஐஐடி கான்பூரில் படித்தவர், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் இன்ஜினியர், தங்க நாற்கரச் சாலையில் கோடர்மா பகுதியைப் பார்த்துக்கொண்டவர். காண்ட்ராக்ட் கொடுப்பதிலும் வேலையின் தரத்திலும் நடக்கிற முறைகேடுகளைப் பற்றி 2002 நவம்பரில் பிரதமருக்கே எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்ளும்படி அந்தக் கடிதத்திலேயே கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து அவர் வேலை பார்த்த ஆணையத்துக்கே போய்ச் சேர்ந்தது. 2003 நவம்பர் 27-ம் தேதி விடியற்காலையில் கயாவில் சுட்டுக் கொன்றார்கள். வயது 30. வழிப்பறிக்காரர்கள் செய்தது என்று சிபிஐ முடிவு கட்டியது, 2010-ல் மூணு பேருக்குத் தண்டனையும் ஆனது. கொன்றது யார், ஏன் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கடிதம் மேஜை மேஜையாகப் போன வழியைப் பாருங்கள். என் கடிதம் போன அதே வழி.

அடுத்த இரண்டே வருஷத்தில் மஞ்சுநாத் சண்முகம். கோலார் தங்கவயல்காரர். நம் ஜனங்கள் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐஐஎம் லக்னோவில் படித்துவிட்டு இந்தியன் ஆயிலில் அதிகாரி. கலப்பட எரிபொருள் விற்ற ஒரு பங்க்கின் மேல் நடவடிக்கை எடுத்தார். 2005 நவம்பர் 19-ல் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. குற்றவாளிகளின் ஆயுள் தண்டனையை சுப்ரீம் கோர்ட் 2015-ல் உறுதி செய்தது. நான் வேலையில் சேர்ந்த வருஷம் அது. பேப்பரில் படித்துவிட்டு அப்பா எஸ்டிடி போட்டு, "நீ எதுலயும் தலையிடாதே, வந்தமா வேலையைப் பாத்தமான்னு இரு" என்றார். மஞ்சுநாத் செய்ததும் வந்தோமா வேலையைப் பார்த்தோமா என்பதைத்தான். சோதனை போடுவதுதான் அவர் வேலை.

இந்தச் சாவுகளுக்குப் பிறகு தேசம் என்ன செய்தது?

துபே வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனதன் பலனாக 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் போட்டது. புகார்களை மத்திய விஜிலென்ஸ் கமிஷனுக்கு மூடிய கவரில் அனுப்பலாம், கமிஷன் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்ளும், பழிவாங்கினால் தலையிடும். கவரின் மேல் இது பொதுநலன் கருதிய தகவல் என்று எழுத வேண்டும், அனுப்புகிறவர் பெயர் கவரில் இருக்கக்கூடாது, உள்ளே இருக்க வேண்டும். பெயரே இல்லாத மொட்டைக் கடுதாசியை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தம்பி பார்த்த போஸ்டர் இதைத்தான் சொல்கிறது. தனியார் வங்கிகளுக்கும் வெளிநாட்டு வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கி 2007 ஏப்ரலில் இதே மாதிரி ஒரு திட்டம் கொண்டுவந்தது. அங்கே புகார் நேராக ரிசர்வ் வங்கிக்கு. பிள்ளைகள் தனியார் வங்கியில் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது.

எனக்கும் 2018-ல் சரியாகத் தெரியாது. சொந்த வங்கியின் விஜிலென்ஸுக்கு சாதாரணக் கடிதமாக எழுதினேன். அதனால் அந்தத் தீர்மானத்தின் நிழல்கூட என் மேல் விழவில்லை. இத்தனைக்கும் வங்கியில் அதற்குள் பதிமூணு வருஷம் குப்பை கொட்டியவன்!

தீர்மானம் என்பது தீர்மானம்தான், சட்டம் இல்லை. பெயரை வெளியிட்டவனை ஜெயிலில் போட அதில் வழி கிடையாது. அதனால் 2010-ல் மசோதா வந்தது. 2011 டிசம்பரில் லோக்சபா, 2014 பிப்ரவரியில் ராஜ்யசபா, 2014 மே 9-ல் ஜனாதிபதி ஒப்புதல். விசில்புளோயர்கள் பாதுகாப்புச் சட்டம், 2014. நான் பி.காம். வக்கீல் இல்லை. ஆனாலும் ஜார்க்கண்ட் லாட்ஜில் ராத்திரி வேறு வேலை இல்லாமல் இதை வரிவரியாகப் படித்தேன். நிஜமாகவே நல்ல சட்டம். புகார் சொன்னவரின் பெயரை வெளியிட்டால் மூணு வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். பழிவாங்கப்பட்டதாகச் சொன்னால், அது பழிவாங்கல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. அதோடு, பழைய நிலைமைக்கே திருப்பிக் கொண்டுவரும்படி உத்தரவு போடவும் அதிகாரம் உண்டு. அதாவது ஜனவரியில் என்னைக் கோடர்மாவுக்கு அனுப்பினால், ஏன் அனுப்பினாய் என்று நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் நான் மகளோடு மராத்தி கட்டுரை படித்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம்.

ஒரே ஒரு குறை. சட்டத்தின் ஆரம்பத்திலேயே, மத்திய அரசு கெஜட்டில் அறிவிக்கிற தேதியில் இருந்து இது அமலுக்கு வரும் என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தேதியை இன்றுவரை அறிவிக்கவே இல்லை!

பதினோரு வருஷம் தாண்டிவிட்டது மக்களே. பார்லிமென்ட் இரண்டு சபையிலும் நிறைவேற்றி, ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட சட்டம், தேதி போடாத செக் மாதிரி டிராயரில் கிடக்கிறது. எங்கள் தொழிலில் தேதி போடாத செக்கை என்ன செய்வோம் தெரியுமில்லையா? கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

அமல்படுத்துவதற்கு முன்னாலேயே 2015 மே மாதம் அதற்கு ஒரு திருத்தம் வேறு கொண்டுவந்தார்கள். பத்து வகைத் தகவல்களைப் புகாரில் சொல்லக்கூடாது, அவற்றில் சிலவற்றை மட்டும் தகவல் உரிமைச் சட்டத்தில் முறையாக வாங்கியிருந்தால் ஒழிய. அதில் ஒரு வகை வர்த்தக ரகசியம். வங்கியில் வர்த்தக ரகசியம் இல்லாத காகிதம் எது, சொல்லுங்கள்? லோன் ஃபைல் முழுக்க அதுதான். லோக்சபாவில் நிறைவேறிய அந்தத் திருத்தம் ராஜ்யசபாவில் கிடந்து 2019-ல் காலாவதி ஆனது. திருத்தம் போனதில் சந்தோஷம்தான், ஆனால் மூலச் சட்டம் அதற்குப் பிறகும் வரவில்லை. இதில் கட்சி பேச ஒன்றும் இல்லை. ஒரு ஆட்சி நாலு வருஷம் இழுத்து, போகிற கடைசி மாதத்தில் கையெழுத்து வாங்கியது. அடுத்த ஆட்சி தேதி போடவில்லை.

நேரம் கிடைக்கவில்லை என்று யாராவது சொல்வார்கள். இதோ இன்னொரு தேதி. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் 17ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதிகாரி எடுத்த முடிவைப் பற்றிப் போலீஸ் விசாரிக்க வேண்டுமானால் முன்அனுமதி வேண்டும் என்று. நல்ல எண்ணத்தில் கடன் கொடுத்த அதிகாரி, கடன் வாராமல் போனதும் சிபிஐ வாசலில் நிற்க வேண்டுமா என்று எங்கள் வங்கிக்காரர்களும்தான் இதைக் கேட்டோம், நானும் கேட்டேன். அந்தத் திருத்தச் சட்டம் 2018 ஜூலை 26-ல் ஒப்புதல், அதே நாளில் அமல். ஒரே நாள்! முடிவு எடுக்கிறவருக்குக் குடை பிடிக்க ஒரு நாள் போதும். முடிவு தப்பு என்று சொல்கிறவன் பதினோரு வருஷமாக மழையில் நிற்கிறான்.

சரி, கோர்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தண்டனைக்குப் பதிலாகப் போடுகிற டிரான்ஸ்ஃபர் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் முன்பே சொல்லிவிட்டது. எங்கள் மத்தியப் பிரதேசத்திலேயே ஒரு வழக்கு உண்டு, வங்கியில் இருக்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. பஞ்சாப் அண்ட் சிந்த் வங்கியின் இந்தூர் கிளையில் ஒரு பெண் அதிகாரி, ஸ்கேல் நாலு, சீஃப் மேனேஜர். மதுக்கடைக் காண்ட்ராக்டர்களின் கணக்குகளில் முறைகேடு என்று மேலே எழுதினார். மண்டல மேலாளர் மேல் பாலியல் தொல்லைப் புகாரும் கொடுத்தார். 2017 டிசம்பரில் அவரை ஜபல்பூர் மாவட்டத்தில் சர்சாவா என்கிற கிராமக் கிளைக்கு மாற்றினார்கள். ஸ்கேல் ஒன்று அதிகாரி உட்காருகிற கிளை. அவர் விடவில்லை. ஹைகோர்ட்டில் ஜெயித்தார், வங்கி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2020 பிப்ரவரியில் நீதிபதிகள் சந்திரசூட், அஜய் ரஸ்தோகி இருவரும், இவர் பழிவாங்கப்பட்டார் என்பதில் சந்தேகமே இல்லை என்று தீர்ப்பு எழுதினார்கள். மறுபடி இந்தூரிலேயே போஸ்டிங், 50,000 ரூபாய் செலவுத் தொகை.

படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த நிமிஷம் கணக்குப் பார்த்தேன், தொழில்புத்தி. 2017 டிசம்பர் முதல் 2020 பிப்ரவரி வரை. இரண்டு வருஷத்துக்கு மேல், சுப்ரீம் கோர்ட் வரைக்கும். சீஃப் மேனேஜரால் முடிந்தது. சம்பளத்தில் பாதி வீட்டு லோனுக்கும் மீதி ஸ்கூல் ஃபீஸுக்கும் போகிற ஒரு ஸ்கேல் ஒன்று பையனால் முடியுமா? வங்கிக்காக வாதாடுகிற வக்கீலுக்கு வங்கி பணம் கொடுக்கும். இவன் சொந்தப் பணத்தில் தில்லிக்கு ரயில் ஏற வேண்டும்.

டிரான்ஸ்ஃபர் என்பது சர்வீஸ் ரூல்படி தண்டனையே கிடையாது, அங்கேதான் சூட்சுமம். வேலையைவிட்டு எடுத்தால் விசாரணை, சார்ஜ் ஷீட், அப்பீல் என்று ஆயிரம் முறை உண்டு. டிரான்ஸ்ஃபருக்கு ஒரு வரி போதும். சகாயத்தை நினைத்துப் பாருங்கள். 2012-ல் மதுரை கலெக்டராக கிரானைட் முறைகேடு பற்றி அறிக்கை அனுப்பினார், கொஞ்ச நாளிலேயே கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றல். ஹரியானாவில் அசோக் கேம்கா, சர்வீஸில் ஐம்பதுக்கும் மேல் மாற்றல்களைப் பார்த்துவிட்டு 2025 ஏப்ரலில் ரிடையர் ஆனார். இவர்களை யாரும் வேலையைவிட்டு எடுக்கவில்லை, சம்பளத்தை நிறுத்தவில்லை. நாமும் கைதட்டிவிட்டு, 'எத்தனை தடவை மாத்தினாலும் அசரலையே மனுஷன்' என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். அவர் அசரவில்லை சார், அவர் வீட்டில் சாமானைக் கட்டினவர்களைக் கேளுங்கள்.

எதிர்க்கட்சி வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மேனேஜர்கள் பலர் சொன்னது, இப்போது நானே அந்த வயசுக்கு வந்துவிட்டேன். "இப்படிப் பாதுகாப்புக் கொடுத்தா வேலை செய்யாதவன் எல்லாம் புகார் எழுதி வெச்சுட்டு டிரான்ஸ்ஃபரில் இருந்து தப்பிச்சுப்பான்." நடக்கும். மறுக்கவில்லை. லீவு கொடுக்கவில்லை என்று மேனேஜர் மேல் மொட்டைக் கடுதாசி போடுகிற ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தில் அதற்கும் மருந்து இருக்கிறது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் இரண்டு வருஷம் வரை ஜெயில், 30,000 ரூபாய் வரை அபராதம், பெயரில்லாத புகாரும் செல்லாது. பொய்யனைத் தண்டிக்க வழி வைத்திருக்கிற சட்டத்தை, பொய்யன் வருவான் என்று காரணம் சொல்லி டிராயரில் வைத்திருப்பதை என்னவென்று சொல்ல?

தனியார் கம்பெனிப் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டமும் கிடையாது, அது அரசு சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும். லிஸ்டட் கம்பெனிகள் புகார் சொல்ல ஒரு வழி வைக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டத்தில் இருக்கிறது. இன்சைடர் டிரேடிங்கைக் காட்டிக்கொடுத்தால் செபி பரிசுகூடத் தருகிறது, 2021-ல் இருந்து உச்சவரம்பு 10 கோடி. ஷேர் மார்க்கெட்டில் பெரிய மனிதர்கள் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதனால் அங்கே சட்டம் சுறுசுறுப்பு. ரான்பாக்ஸி கதை தெரியுமில்லையா? மருந்துப் பரிசோதனைத் தகவல்களில் மோசடி என்று தினேஷ் தாக்கூர் புகார் சொன்னார். இந்தியக் கம்பெனி, இந்தியர், ஆனால் புகார் போனது அமெரிக்காவுக்கு. 2013-ல் கம்பெனி 50 கோடி டாலர் கட்டியது, அந்த நாட்டுச் சட்டப்படி தாக்கூருக்கு 4.8 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. நமக்கு டாலர் வேண்டாம் சாமி. பரீட்சை முடியும் வரை பிள்ளையின் ஸ்கூலை மாற்றாமல் விட்டால் போதும்.

2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளியே வந்ததே, 13,000 கோடிக்கு மேல். வெளிநாட்டுக்குப் போகிற ஸ்விஃப்ட் தகவல்களை வங்கியின் சொந்தக் கணினிக் கணக்கில் ஏற்றாமலே வருஷக்கணக்கில் ஒரு கிளையில் இருந்து ஓடியது. பிறகு ஸ்விஃப்டைக் கணினிக் கணக்கோடு இணைத்தாக வேண்டும் என்று எல்லா வங்கிக்கும் உத்தரவு வந்தது, நாங்களும் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தோம். நல்ல காரியம். ஆனால் சாஃப்ட்வேரை இணைத்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகமாவது அந்தச் சட்டத்துக்குத் தேதி போடுவதில் காட்டியிருக்கலாம். பக்கத்து மேஜையில் இருக்கிறவன் கண்ணைவிட நல்ல சாஃப்ட்வேர் இன்னும் வரவில்லை.

தம்பிக்கு மறுநாள் போன் போட்டேன். எழுது, எழுதாதே என்று சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். பார்த்ததை உன் மேனேஜருக்கு ஆபீஸ் மெயிலில் எழுது, பேப்பரில் கொடுக்காதே, நான் பேப்பரில் கொடுத்ததால்தான் என் செப்டம்பர் ரிப்போர்ட் காணாமல் போனது. ஃபைலைப் போனில் படம் எடுக்காதே, ரகசியக் காப்பு உறுதி கொடுத்துத்தான் வேலையில் சேர்ந்திருக்கிறாய், அதற்குத் தனி மெமோ வரும். தேதியும் நம்பரும் மட்டும் குறித்து வை. இதற்கு முன்னால் அந்த ஃபைலில் நீ எங்காவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதை மறைக்காமல் நீயே முதல் பாராவில் சொல்லிவிடு. அனுப்புவதாக இருந்தால் சொந்த வங்கிக்கு இல்லை, மூடிய கவரில் விஜிலென்ஸ் கமிஷனுக்கு. உன் பெயர் உள்ளே தனித்தாளில் இருக்கட்டும், விஷயம் எழுதுகிற தாளில் 'நான் ஆய்வுக்குப் போனபோது' என்ற மாதிரி வார்த்தை வரக்கூடாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், அந்த ஃபைலைப் பார்த்தது மொத்தமே மூணு பேர்தான். நான், மேனேஜர், அப்புறம் கடன் வாங்கினவர். எப்படி எழுதினாலும் தெரிஞ்சுடுமே" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. கல்யாணம் தை மாசம் நிச்சயமாகியிருக்கிறதாம், பெண்ணுக்கு அதே ஊரில் ஒரு ஸ்கூலில் வேலை பார்த்து வைத்திருக்கிறானாம்.

"அவனை எழுதச் சொன்னீங்களா?" என்று தங்கமணி கேட்டாள். மகள் பக்கத்து ரூமில் பிளஸ் டூ அக்கவுண்டன்சி படித்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றேன்.

நேற்று எங்கள் ஆபீஸ் சுவரில் இருந்த போஸ்டரைக் கழற்றி, சுருட்டி, அடுத்த வருஷத்துக்கு ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டார்கள். தம்பி இன்னும் போன் பண்ணவில்லை.